மண்ணெண்ணெயின் குளிர்காலம்

மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து, தள்ளாடியும் மாந்தையும் தாண்டி, பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில் வடக்கே போனால் பாப்பாமோட்டை வரும். ஒரு பக்கம் வயல் நிலம், மறுபக்கம் கண்டல் மரங்களும் உவர்ச்சேறும் கலந்த ஆழமில்லாத கடல். இன்னும் சற்றுத் தூரம் போனால் விடத்தல்தீவு. இந்தக் கரை குளிர் தெரியாத கரை. மார்கழி, தை மாதங்களில் வாடை அடிக்கும்போதும் விடியற்காலை வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. இப்படிப்பட்ட இடத்தில், குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைச் சூடேற்றும் கருவியைப் பற்றி ஓர் அத்தியாயத்தை ஏன் தொடங்க வேண்டும்?

காரணம் கரையிலேயே கட்டிக் கிடக்கிறது. மன்னார்க் கரையோரத்துச் சிறு படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடியிழையால் ஆனவை. அவற்றின் பின்புறத்தில் பூட்டிய வெளியிணைப்பு எஞ்சின்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆனால் எந்தத் தொழிலாளியும் விடியலில் அந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஸ்ரார்ட் செய்வதில்லை. முதலில் கொஞ்சம் பெற்றோல். கயிற்றை இழுத்து, எஞ்சின் பிடித்து, சில நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தொழில் முடித்துக் கரைக்கு வரும்போது மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றரில் தங்கிய மண்ணெண்ணெயை எரித்துத் தீர்த்த பிறகே நிறுத்துவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் மறுநாள் விடியலில் கைதான் நோகும், எஞ்சின் பிடிக்காது.

25 பாகை வெப்பத்தில் நிற்கும் ஓர் எஞ்சின் மண்ணெண்ணெய்க்குக் குளிர்ந்த எஞ்சின். எல்லா எரிபொருளுக்கும் பொதுவான குளிர் என்று ஒன்றில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் மார்கழி உண்டு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், கனடாவில் காரின் மூக்கிலிருந்து தொங்கும் மின்கம்பி எதற்கு என்பதும், போர்க்காலத்து எரிபொருள் தடையின்போது வன்னியில் மோட்டார் சைக்கிள் ஏன் வெள்ளையாகப் புகைத்தது என்பதும் ஒரே கணக்கின் இரண்டு விடைகளாகத் தெரியும்.

கணக்கைத் தொடங்குவோம். எரிவது எண்ணெய் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் திரவம் எரிவதில்லை, அதன் மேல் எழும் ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. ஒரு கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி மெல்லச் சூடாக்கி, அடிக்கடி ஒரு சிறு சுடரை அதன் மேல் காட்டினால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் ஆவி ‘பக்’ என்று ஒரு கணம் பற்றி அணையும். அதற்குக் கீழே எத்தனை தீக்குச்சி கிழித்தாலும் மேற்பரப்பில் தீப் பற்றாது. இதைத் தீப்பற்றுநிலை என்று சொல்லிக்கொள்வோம். பெற்றோலுக்கு அது ஏறத்தாழ −43 பாகை. மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல். இரண்டுக்கும் இடையில் 80 பாகைக்கும் அதிகமான தூரம்.

பாப்பாமோட்டையின் விடியல் 25 பாகை என்று வைத்துக்கொள்வோம். மண்ணெண்ணெய் அப்போது தன் தீப்பற்றுநிலையிலிருந்து குறைந்தது 13 பாகை கீழே கிடக்கிறது. பெற்றோலை அதே அளவு கீழே தள்ள வேண்டுமானால் −56 பாகை வேண்டும். கனடாவின் வினிப்பெக் நகரில் இதுவரை பதிவான மிகக் கடுங்குளிர், 1879 டிசம்பர் 24இல், −47.8 பாகை. அதாவது, மன்னார்க் கரையின் ஓர் இதமான விடியல் மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு குளிரோ, அவ்வளவு குளிரைப் பெற்றோல் வினிப்பெக்கின் வரலாற்றிலேயே கண்டதில்லை. எஞ்சினுக்குள் நடப்பது கிண்ணத்தில் நடப்பதைவிடச் சிக்கலானது. காபரேற்றர் எண்ணெயைத் தூவலாக உடைக்கிறது, உள்ளிழுப்பின் தாழமுக்கம் ஆவியாதலுக்கு உதவுகிறது. ஆகவே இந்த ஒப்பீடு தோராயமானது. இருந்தாலும் திசை சரியானது.

இந்த உண்மையை எஞ்சினுக்கு முன்பே விளக்குகள் நமக்குக் கற்பித்துவிட்டன. குப்பி விளக்கில் திரி எதற்கு? போத்தலில் உள்ள எண்ணெய் முழுவதையும் சூடாக்கத் தேவையில்லாமல், நுனியில் ஊறும் மெல்லிய படலத்தை மட்டும் சுடரின் வெப்பம் ஆவியாக்குவதற்கு. பெற்றோமாக்ஸ் விளக்கு இன்னும் வெளிப்படையான பாடம். பெர்லினில் மக்ஸ் கிரெட்ஸ் 1910 அளவில் வடிவமைத்த அந்த விளக்கு, கலியாண வீட்டையும் கோயில் திருவிழாவையும் இரவுக் கடலையும் ஒளியேற்றிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதைப் பற்றவைக்கும் முன் அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் ஸ்பிரிற் ஊற்றிக் கொளுத்துவார்கள். அந்த நீலச் சுடர் ஒன்றரை நிமிடம்போல எரிந்து, எண்ணெய் ஏறும் குழாயைச் சூடாக்கும். குழாய் சூடான பிறகே காற்றடித்து எண்ணெயை ஏற்றுவார்கள். அவசரப்பட்டவன் கையில் விளக்கு ஆவிக்குப் பதில் எண்ணெயையே துப்பி, மஞ்சள் தீயாக எரிந்து மென்றிலைக் கரியாக்கும். அந்த ஸ்பிரிற் கிண்ணம்தான் இந்த அத்தியாயத்தின் முதல் ஹீற்றர்.

உழவு இயந்திரங்களும் இதே வழியில் வந்தன. 1917இல் வெளிவந்த போர்ட்சன் டிராக்டரும், பின்னர் பெர்குசன் டிஈ20 வரிசையில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே வந்த மாதிரியும் பெற்றோலில் தொடங்கி, சூடான பின் கனமான எரிபொருளுக்கு மாறின. எரிபொருள் எஞ்சினுக்குள் போகும் வழி, புகை வெளியேறும் குழாயோடு ஒட்டி அமைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் தன் புகையின் வெப்பத்தால் தன் உணவையே சூடாக்கிக்கொண்டது. ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு மறைப்பு வைத்து, எஞ்சின் குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். குளிர்விக்கும் ரேடியேற்றரையே மூடிவைப்பது விசித்திரமாகத் தெரியலாம். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு வெப்பம் விலைமதிப்புள்ளது என்பதை அறிந்தவர்களின் ஏற்பாடு அது.

இனி வன்னிக்கு வருவோம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோல் போவதை அரசு தடுத்தது. மண்ணெண்ணெய் அளவோடு, சங்கக்கடைப் பங்கீட்டில் வந்தது. யாழ்ப்பாணம் 1995–96இல் அரச கட்டுப்பாட்டுக்குள் போன பின்னும், வன்னியில் இந்த நெருக்கடி 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை நீண்டது. மின்சாரம் இல்லாத வீடுகளில் ஜாம் போத்தல் விளக்குகள் எரிந்தன: அடியில் பஞ்சு, அதில் ஊறிய சொட்டு மண்ணெண்ணெய், ஒரு திரி. பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். விளக்குக்கும் அடுப்புக்கும் போதாத அதே மண்ணெண்ணெயில்தான் மோட்டார் சைக்கிளும், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும், வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரமும் ஓட வேண்டியிருந்தது.

அப்போது அறிவியல் பாடப் புத்தகத்தைத் திறக்காமலே ஒரு சமூகம் முழுவதும் எரிபொருளின் ஆவியாதல் பற்றிய செய்முறைப் பாடம் படித்தது. ஒரு சின்னப் போத்தலில் எங்கிருந்தோ வாங்கிய பெற்றோல். அதன் விலையை நினைத்தால் மருந்துபோல அளந்துதான் ஊற்ற வேண்டும். காலையில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்தால், எஞ்சின் அந்தத் துளிகளில் பிடிக்கும். அந்தச் சில கணங்களுக்குள் சூடு ஏறி, தொட்டியிலிருந்து வரும் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்டால் பயணம். ஏற்றுக்கொள்ளாவிட்டால் இன்னும் சில துளி. ஓடும்போது வண்டியின் பின்னால் வெள்ளைப் புகையும் மூக்கைத் துளைக்கும் மணமும். அந்தப் புகை வேறொன்றுமில்லை, முழுதாக எரியாமல் வெளியேறிக் காற்றில் மறுபடி துளிகளாகும் மண்ணெண்ணெய்தான். நிறுத்தவே பயம், நிறுத்தினால் எஞ்சின் ஆறும், ஆறினால் மறுபடி பெற்றோல் வேண்டும். சந்தியில் ஆளை இறக்கும்போதும் எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தவர்கள் எரிபொருளை வீணாக்கவில்லை. வெப்பத்தைச் சேமித்தார்கள்.

மண்ணெண்ணெயின் இன்னொரு குறை, அது அமுக்கத்துக்குப் பொறுக்காது. பெற்றோல் எஞ்சினுக்குள் நெருக்கினால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேரும் முன்பே தாறுமாறாக வெடித்து உலோகத்தைத் தட்டும். பெர்குசன் போன்ற டிராக்டர்களில் இதற்காகவே அமுக்க விகிதத்தைத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். பெற்றோலுக்கென்று செய்த ஹொண்டா மோட்டார் சைக்கிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏற்றத்தில் திணறி, தட்டித் தட்டித்தான் ஏறும்.

ஆனால் உண்மையான சேதம் சத்தமில்லாமல் நடந்தது. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவரில் வழிந்து, அங்கே பூசியிருந்த எஞ்சின் ஒயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஒயில் தொட்டிக்குள் இறங்கியது. ஒயில் நீர்த்தது. நீர்த்த ஒயில் உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்துவைக்கும் தன் வேலையைச் செய்ய முடியாமல் போனது. வளையங்கள் தேய்ந்தன, சிலிண்டர் தேய்ந்தது. இதை நினைவில் வைத்திருங்கள், ஏனென்றால் இதே நோய் இன்னொரு நாட்டில் இன்னொரு பெயரில் வரப்போகிறது.

போரினால் வடக்கிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரொறன்ரோவையும் அதன் அயலையும் அடைந்தார்கள். சிலர் வேலை தேடி மேற்கே, புல்வெளி மாகாணங்களின் வினிப்பெக், எட்மன்ரன் போன்ற நகரங்களுக்குப் போனார்கள். அங்கே மனிதர்கள் முதலில் வியந்து பார்ப்பவற்றில் ஒன்று, கார்களின் முன்பக்கத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மின்செருகி. வாகனத் தரிப்பிடங்களில் வரிசையாக மின்தூண்கள். பெற்றோலில் ஓடும் காரை இரவில் மின்சாரத்தில் செருகி வைக்கிறார்கள்.

−25 பாகையில் அந்தக் காருக்கு என்ன நடக்கிறது? மூன்று கெடுதல்கள் ஒன்றையொன்று பெருக்குகின்றன. முதலாவது நமக்கு இப்போது பழக்கமானது: பெற்றோலின் இலேசான பகுதி மட்டும் ஆவியாகிறது, மீதி சுவரில் ஒட்டுகிறது. இதற்காகவே கனடாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் குளிர்காலத்துக்கென்று எளிதில் ஆவியாகும் பியூட்டேனைக் கூடுதலாகச் சேர்க்கின்றன. அங்கே தை மாதத்தில் விற்கும் பெற்றோல் ஆடியில் விற்ற பெற்றோல் இல்லை. எஞ்சினின் கணினியும் தன் பங்குக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் பெற்றோலைத் தூவுகிறது. ஆவியாகாத பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயில் தொட்டிக்குப் போகிறது. வன்னியின் மோட்டார் சைக்கிளைத் தின்ற அதே தேய்மானம், வினிப்பெக்கில் பிள்ளையைப் பாடசாலையில் விட்டுத் திரும்பும் பத்து நிமிடப் பயணத்தில் நடக்கிறது. எஞ்சின் முழுச் சூட்டை அடையும் முன்பே நிறுத்தப்படுவதால், ஒயிலுக்குள் இறங்கிய பெற்றோலும் ஈரமும் வெளியேற வழியில்லை.

இரண்டாவது ஒயில். குளிரில் எண்ணெய் தடிப்பதை நாம் அறிவோம். நுவரெலியாவில் தங்கியவர்கள் காலையில் தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒன்றும் விழாது. எஞ்சின் ஒயிலின் தகரத்தில் 20டபிள்யூ-50, 5டபிள்யூ-30 என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய, கூடிய குளிரிலும் ஒயில் இளக்கமாக இருக்கும். 20டபிள்யூ ஒயிலை −15 பாகையில் சோதிக்கிறார்கள்; 0டபிள்யூ ஒயிலை −35இல். நம் ஊரில் பழைய வான்களுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50ஐ வினிப்பெக்கில் ஊற்றினால், ஸ்ராட்டர் மோட்டர் தேனுக்குள் கையை விட்டுக் கிண்டும் கதியாகிவிடும்.

மூன்றாவது பற்றறி. ஈய அமிலப் பற்றறிக்குள் மின்சாரம் பிறப்பது வேதிவினையால். குளிரில் எல்லா வேதிவினையும் மந்தமாகும். −18 பாகையில் அதன் உதைக்கும் திறன் பாதியை நெருங்கும் அளவுக்குக் குறைந்துவிடும். ஒயில் தடித்து எஞ்சின் அதிக பலத்தைக் கேட்கும் அதே விடியலில் பற்றறி குறைந்த பலத்தைத் தருகிறது. குளிர்நாட்டுப் பற்றறிகளின் மேல் குளிரில் உதைக்கும் மின்னோட்டம் என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். −18 பாகையில் 30 வினாடிக்கு, அழுத்தம் 7.2 வோல்ற்றுக்குக் கீழே விழாமல் எத்தனை அம்பியர் தர முடியும் என்பது அதன் பொருள். மின் இறங்கிய பற்றறி −10 பாகையை அண்டியே உறைந்து வெடிப்பதும் உண்டு. முழுதாக ஏறிய பற்றறி −50க்கும் தாங்கும்.

இந்த மூன்றுக்கும் பழைய வைத்தியம் ஒன்றிருந்தது. அலாஸ்காவிலும் வட கனடாவிலும் சிறு விமானங்களை ஓட்டியவர்கள், பனிமேல் இறங்கியதும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஒயிலை வடித்துத் தகரத்தில் எடுத்து, அடுப்படியில் வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவார்கள். காலையில் எஞ்சினைத் துணியால் மூடி, அடியில் தீச்சட்டி வைத்துச் சூடேற்றி, சூடாக்கிய ஒயிலை ஊற்றிப் பறப்பார்கள். இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. கரைக்கு வரும்போது பெற்றோலுக்கு மாற்றி நிறுத்தும் நம் தொழிலாளியும் அந்த விமானியும், நாளைய விடியலுக்கான வேலையை இன்றைய சூடு ஆறும் முன்பே முடித்துவைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினோடு வாழ்பவர்கள் எல்லோரும் கடைசியில் இந்தப் பழக்கத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

தீச்சட்டியைக் கைவிட வைத்தவர் அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்து கிராண்ட் போர்க்ஸ் ஊரைச் சேர்ந்த அன்ட்ரூ ப்ரீமன். கிராமப்புற மின்சாரக் கூட்டுறவில் பணியாற்றியவர். செப்புக் குழாயையும் பழைய ஸ்திரிக்கைப் பெட்டியின் சூடேற்றியையும் வைத்துத் தம் முதல் மாதிரியைச் செய்தார். எஞ்சினின் தலையை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சூடேறும் போல்ட் ஒன்றைப் பூட்டுவது அவர் யோசனை. 1949இல் காப்புரிமை கிடைத்தது. வயல் வீடுகளுக்கு மின்சாரம் அப்போதுதான் பரவலாக வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மின்கம்பி வராத ஊரில் இந்தக் கண்டுபிடிப்புக்கு இடமே இல்லை.

இன்று அதிகம் பூட்டப்படும், எஞ்சினின் உடலான புளொக்கைச் சூடேற்றும் புளொக் ஹீற்றர் வேறு வாசல் வழியாக நுழைகிறது. எஞ்சின் புளொக்கை மணல் அச்சில் வார்க்கிறார்கள். வார்த்த பின் உள்ளே சிக்கிய மணலை வெளியேற்ற, பக்கங்களில் வட்டத் துளைகள் விடுவார்கள். பிறகு அவற்றைத் தகட்டு மூடி அடித்து அடைப்பார்கள். நீர் உறைந்து விரியும்போது புளொக் வெடிக்காமல் அந்த மூடி தெறித்துக் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். சில வேளைகளில் அப்படி நடப்பதும் உண்டு, ஆனால் மூடி இருப்பது அதற்காக இல்லை. ஹீற்றரைப் பூட்டுபவருக்கு அந்தத் துளை ஓர் ஆயத்தமான கதவு, ஏனென்றால் அதன் பின்னால் சூழ்ந்து நிற்பது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்.

வேலை இப்படிப் போகும். எஞ்சின் நன்றாக ஆறிய பின், ரேடியேற்றரிலும் புளொக்கிலும் உள்ள திரவத்தை வடித்தெடுக்க வேண்டும். அது பெரும்பாலும் நீரும் எதிலீன் கிளைக்கோலும் சரிபாதி. −37 பாகை வரை உறையாது, குடித்தால் உயிரைக் கொல்லும், இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். ஆகவே தரையில் ஒரு துளியும் விடக்கூடாது. பிறகு மூடியின் ஓர் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினால் அது துளைக்குள்ளேயே குறுக்காகத் திரும்பும். குறட்டால் பிடித்து இழுத்துவிடலாம். துளையின் விளிம்பை அரத்தாளால் துருவில்லாமல் தேய்த்துத் துடைக்க வேண்டும், ஏனென்றால் இனி அங்கே கசிவைத் தடுக்கப்போவது ஒரு ரப்பர் வளையம் மட்டுமே. வளையத்தில் கிறீஸ் பூசி, சூடேறும் சுருளை உள்ளே செலுத்தி, அது வார்ப்பின் சுவரைத் தொடாதபடி திருப்பி நிறுத்தி, நடுத் திருகை இறுக்கினால், உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் துளையின் பின்புறத்தைப் பிடித்துக்கொள்ளும். சுருள் சுவரைத் தொட்டால் அந்த இடத்தில் திரவம் ஓடாது, சுருள் பொசுங்கும்.

திரவத்தை மறுபடி நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் வேலை முழுவதும் பாழ். திரவம் சூழாத சுருள் காற்றுக்குள் சில வினாடிகளில் கருகிவிடும். கம்பியைப் புகைக்குழாயும் சுழலும் பட்டியும் படாத வழியாக முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து கட்ட வேண்டும். மூன்று முனைச் செருகி, வெளியிடத்துக்கு உகந்த நீட்டிப்புக் கம்பி, மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் செருகுவாய் மூன்றும் கட்டாயம். ஈரப் பனியில் நிற்கும் இரும்புக்கு மின்சாரம் கொடுக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

எவ்வளவு நேரம் செருகி வைப்பது? இரவு முழுவதும் என்பது பலரின் பழக்கம், அது வீண். ஒரு சிறு காரின் எஞ்சின் உலோகம், திரவம், ஒயில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 90 கிலோயூல் வேண்டும் என்று கொள்ளலாம். 400 வாட் ஹீற்றர் இரண்டு மணி நேரத்தில் தருவது 2,880 கிலோயூல். ஒரு துளி வெப்பமும் தப்பாவிட்டால் 32 பாகை உயரும். தப்பாமல் இருக்குமா? மூன்றில் ஒரு பங்கைக் காற்றுக்குக் கொடுத்தாலும் 20 பாகைக்குக் குறையாமல் ஏறும்: −25இல் கிடந்த எஞ்சின் −5க்கு வந்துவிடும். செலவு 0.8 யூனிற் மின்சாரம். அதற்கு மேல் போகப்போக எஞ்சின் சூடாவதால் இழப்பும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் உள்ளே போவதும் வெளியே போவதும் சமமாகி, வெப்பநிலை அசையாமல் நிற்கும். அதன் பிறகு சூடாவது ஊர்க்காற்றுத்தான். அதனால்தான் கனடாவின் இயற்கை வளத் துறை, புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தானாக இயங்கும் நேரச்சாவியைப் பொருத்தச் சொல்கிறது. −20 பாகையில் ஹீற்றர் எரிபொருள் செலவை 10 சதவீதம் வரை குறைக்கும் என்பதும், −25இல் ஒரு குறும்பயணத்துக்கு மிச்சம் 25 சதவீதம் அளவுக்கு இருக்கலாம் என்பதும் அத்துறையின் கணிப்பு. புகைக்கும் இதில் பங்குண்டு. காரின் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி 250, 300 பாகைக்குச் சூடான பிறகே வேலை தொடங்கும். அதுவரை வெளியேறுவது அசுத்தப் புகை.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி தேவைப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏரிக்கரை நகரமான அங்கே தை மாதச் சராசரி −5 பாகையை அண்டியது. ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் நிலத்தடித் தரிப்பிடமே எஞ்சினைக் காப்பாற்றிவிடுகிறது. நல்ல பற்றறியும் சரியான ஒயிலும் போதும். புல்வெளி மாகாணத்து உறவினர் பூட்டினார் என்பதற்காகப் பூட்டத் தேவையில்லை.

நோர்வேயின் கதை நம் கரைக்கு இன்னும் நெருக்கமானது. 1956இல் அன்ரனி இராசேந்திரம் மீன்பிடித் தொழில் கற்க நோர்வே போனார். அவர் முயற்சியால் 1967இல் காரைநகரில் சீநோர் திட்டம் பிறந்தது. படகு, எஞ்சின், வலை என்று வடக்கின் மீன்பிடியில் நோர்வேயின் கை பட்டது. பின்னர் போர் விரட்டிய நம்மவர்கள் எதிர்த்திசையில் போய், வடதுருவ வட்டத்துக்கும் அப்பாலுள்ள பின்மார்க் கரையின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தார்கள். அங்கே எஞ்சின் சூடேற்றி அன்றாடப் பொருள். டெஃபா என்ற நோர்வே நிறுவனத்தின் பெயரே அதற்குப் பழகிப்போன பெயர். வெயிலில் படகைத் தள்ளி, பெற்றோல் துளியில் எஞ்சினை எழுப்பிப் பழகிய கைகள் அங்கே மாலையில் காரைச் செருகிவிட்டுப் படுத்தன.

டீசல் பற்றிச் சுருக்கமாக ஒன்று. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அமுக்கிய காற்றின் சூடே எண்ணெயைக் கொளுத்துகிறது. உறைந்த சிலிண்டர் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிட்டால் பற்றாது. அதற்கு மேல், குளிரில் டீசலிலுள்ள மெழுகு படிகமாகி வடிகட்டியை அடைக்கும். பாப்பாமோட்டை வயலில் உழும் டிராக்டருக்கு இந்த இரண்டு கவலையும் கிடையாது. டீசல் அமுக்கத்தால் எரிவதால் அதன் தீப்பற்றுநிலை மண்ணெண்ணெயைவிட உயர்வாக இருந்தும் நம் விடியல் அதைத் தடுப்பதில்லை. ஒவ்வொரு எரிபொருளின் மார்கழியையும் எஞ்சினின் வகையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

மறுபடி மன்னார்க் கரைக்கு வருவோம். மண்ணெண்ணெயைப் படகில் வைத்திருந்தது அதன் மலிவு. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் முதலில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. பிறகு ஓகஸ்ட் 21 நள்ளிரவில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. பெற்றோலும் மண்ணெண்ணெயும் என்ற இரட்டை வாழ்க்கைக்கு ஒரு தொழிலாளி கொடுத்துவந்த உழைப்பு, அந்த விலை வித்தியாசத்துக்காகத்தான். அந்த வித்தியாசம் சுருங்கிய பிறகு, நான்கடிப்புப் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் பற்றிய பேச்சு இனி ஒதுக்கக்கூடியதில்லை.

மின்மோட்டரோடு வருவது லிதியம் பற்றறி. அதற்கும் ஒரு மார்கழி உண்டு: 0 பாகைக்குக் கீழே வேகமாக மின்னேற்றினால் லிதியம் உட்புகாமல் மின்வாயின் மேல் உலோகமாகப் படிந்து பற்றறியைக் கெடுக்கும். 2024இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதை நெருங்கியவை மின்கார்கள். அவை செருகியிருக்கும்போதே புறப்படும் நேரத்துக்குப் பற்றறியைச் சூடாக்கிக்கொள்கின்றன. வினிப்பெக்கில் ஹீற்றருக்கென்று நட்ட மின்தூண்களிலேயே மின்காரை மெதுவாக ஏற்றவும் முடிகிறது.

மன்னார்க் கரையில் இந்தக் கணக்கு தலைகீழாகும். இங்கே பற்றறியைக் கெடுப்பது வெயில். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய அமிலப் பற்றறியின் ஆயுள் பாதியாகிறது என்பது பொறியியலாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. லிதியமும் சூட்டில் விரைந்து மூப்படைகிறது. ஆகவே பாப்பாமோட்டைக்கு மின்படகு வருமானால், அதற்கு முதலில் செய்ய வேண்டியது நிழல்: பற்றறியைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவரக்கூடிய அமைப்பும், வாடிக்குள் காற்றோட்டமான ஓர் உயர்ந்த தட்டும், கடலிலிருந்து வந்த சூடு ஆறிய பிறகு மாலையில் மின்னேற்றும் பழக்கமும்.